ம் கொட்டும் கருவி

எங்கள் அபார்ட்மென்டில் பெண்டாட்டி பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆண்பிள்ளை என் கணவர் பூபதிதான் என்று ஒரு பெயர் இருந்தது. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பால்கனியில் உட்கார்ந்து நான் பேச ஆரம்பித்தால், அவர் எதிரே உட்கார்ந்து சரியான இடத்தில் "ம்" சொல்வார். அவசரமாக வெட்டிவிடுகிற "ம்" இல்லை. என் வாக்கியம் முடிந்து, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, நிதானமாக வருகிற "ம்". எதிர் வீட்டு ரேணுகா கைப்பிடிச் சுவரில் துணி உலர்த்திக்கொண்டே பார்த்துவிட்டு, "உங்குளுக்குக் குடுத்து வெச்சிருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சு மொட்டமாடிக்குப் போயிர்றாரு" என்பாள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் சிந்துஜா. கோயமுத்தூர் சரவணம்பட்டியில் 'இதம்' என்ற கருவியைத் தயாரிக்கும் கம்பெனியில் டிரைவர் எழுதுகிறேன். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. கம்ப்யூட்டருக்கும் அதோடு ஒட்டியிருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று, இது சொல்வதை அதற்கும் அது சொல்வதை இதற்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்ன நிரல். கல்யாணத் தரகர் வேலைதான். கல்யாணம் நன்றாக நடந்தால் யாருக்கும் நம் நினைவே வராது. கெட்டுப்போனால் முதலில் நம் வீட்டுக்கு வருவார்கள்.

'இதம்' காதில் இரைச்சல் உள்ளவர்களுக்காகச் செய்தது. பூபதிக்குச் சோமனூரில் விசைத்தறிக் கூடம். வாலிபத்தில் இருந்தே தறிச் சத்தத்தில் நின்று நின்று, தறி ஓடாத நேரத்திலும் காதுக்குள் சிள்வண்டு கத்த ஆரம்பித்துவிட்டது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மனுஷன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் எலும்பில் புளியங்கொட்டை அளவில் ஒன்றைப் பதித்து, மேலே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லையை வைத்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவர் குழந்தை மாதிரி தூங்கினார். அதற்காகவே நான் என் வேலையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பொருத்திய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டார். "ஏம்புள்ள, எந்தச் சத்தம் வேணும், எது வேண்டாம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"காலிங் பெல்லுன்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு சத்தமும் வந்து பெல் அடிக்குது. எங்க ஆபீசுல அதுக்கு இன்டரப்ட்டுன்னு பேரு. அடிச்சா மூளை செய்யற வேலைய அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு வந்து கதவத் தொறக்கோணும்."

"தொறந்தா ஆளே இல்லைன்னா?"

"அதுதான் வேண்டாத இன்டரப்ட். சீரியல் போர்ட்டுல அது கொஞ்சம் சாஸ்தி."

"அட, இன்னுமா சீரியல் போர்ட்டு? எங்க தறி மெசின்லயே அதத் தூக்கிக் கடாசிட்டாங்களே."

"ஒத்தக் கம்பிங்க. ஒவ்வொரு எழுத்தா, ரேசன் கடை வரிசையில வர்ற மாதிரி வரும். மெதுவுதான். ஆனா மண்டைக்குள்ள வைக்கறதுக்குப் பழசுதான் நம்பகம்."

"செரி, ஆளில்லாம பெல் அடிச்சுக்கிட்டே இருந்தா?"

"கொஞ்ச நாளைக்குப் பாக்கும். ஒரு சத்தம் ஒரு மாசமா அடிச்சும் உங்க மூளை ஒருக்காகூடத் திரும்பிப் பாக்கலைன்னா, இவருக்கு இது வேண்டாததுன்னு முடிவு பண்ணி அதுவே வயரப் புடுங்கிரும். அப்பறம் அது உங்களத் தொந்தரவு பண்ணாது. வேணுமின்னா நீங்களே பட்டன அழுத்தியும் புடுங்கிக்கலாம்."

"நல்ல ஏற்பாடு" என்றார்.

மெஷினைப் பற்றி என்றால் அவர் இப்படித்தான், கேள்விமேல் கேள்வி கேட்பார்.

பூபதி மாட்டிக்கொள்வதற்கு முன்பே, 'இதம்' வெளிவந்த முதல் வருஷம் எங்களுக்கு ஒரு தலைவலி வந்தது. காது நோயாளிகளுக்கு என்று செய்ததை ஊரே மாட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. பஸ் ஹாரன் வேண்டாம், பக்கத்து வீட்டு டிவி வேண்டாம் என்று வாங்கினார்கள். சத்தங்கள் அடங்கின. மனிதக் குரல்கள் அடங்கவில்லை. ஒரு குரலின் வயரைக் கருவி பிடுங்கிவிட்டால், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பதில் வரவில்லையே என்று திரும்பப் பேசுவார், பிறகு உரக்கப் பேசுவார், பிறகு கத்துவார். எந்த மணியையும் "வந்தது தெரியும்" என்று ஒப்புக்கொண்டால்தான் அது நிற்கும், இல்லாவிட்டால் அடித்துக்கொண்டேதான் இருக்கும். இது இந்தத் தொழிலின் பால பாடம். டிரைவர் மூச்சுத் திணறி நின்றுபோனது.

வழி கண்டுபிடித்தது நான்தான். நம்மூரில் கதை சொல்கிறவருக்கு எதிரே இருப்பவர் "ம்" கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் "கேக்கறியா, தூங்கிட்டியா?" என்று கதை நின்றுவிடும். கொட்டினால் போதும், கேட்கிறாரா என்று யாரும் சோதிப்பதில்லை. ஆகவே, வயர் பிடுங்கப்பட்ட குரல் ஒன்று பேசி நிறுத்தினால், மாட்டியிருப்பவரின் தொண்டை நரம்பில் டிரைவர் ஒரு சின்னத் தூண்டுதல் கொடுக்கும். அவருக்கே தெரியாமல் "ம்" வரும். பேசியவர் திருப்தியாகிவிடுவார். எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. எங்கள் மேனேஜர் வின்சென்ட் சார் எல்லோர் முன்னாலும் கைகுலுக்கி மைசூர்பாக் கொடுத்தார். நான் அதில் பாதியைப் பூபதிக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

நீயே எழுதின "ம்" உனக்கு அடையாளம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. கருவி வருவதற்கு முன்னாலும் அவர் "ம்" என்றுதான் சொல்லுவார், இப்போது கொஞ்சம் நன்றாகச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். இரைச்சல் போனதால் மனுஷனுக்கு நிதானம் வந்துவிட்டது என்றும் நினைத்தேன். தவிர, அதை நான் செய்தது ஊரில் இருப்பவர்களுக்காக. நம் வீட்டுக்கும் அது வரும் என்று யாராவது நினைப்பார்களா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அன்று சாயங்காலம் பால்கனியில் அவரிடம் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ம்" என்றார். பதறவில்லை, எழுந்து நடக்கவில்லை, ஆளாளுக்குப் போன் போடவில்லை. இப்படி ஒரு மலை மாதிரி ஆள் பக்கத்தில் இருக்கும்போது நமக்கென்ன என்று எனக்குத் தைரியம் வந்தது. என் வாழ்க்கையில் அவர்மேல் அவ்வளவு பிரியம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

சதையை எடுத்துச் சோதிக்கப் போனபோது, "தறியப் போட்டுட்டு நீங்க வரவேண்டாம், முபீனாவக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "ம்" என்றார். புற்றுதான் என்று வந்ததும் சொன்னேன். "ம்." வியாழக்கிழமை ஆபரேஷன், அன்றைக்கு மட்டும் கட்டாயம் கூட வரவேண்டும் என்றேன். அதற்கும் "ம்" என்றார். அவர் கண் கலங்காததைக்கூட நான் எனக்காக அடக்கிக்கொள்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முபீனா என்னோடு வேலை செய்கிறவள். குனியமுத்தூர்க்காரி, என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. நான் எழுதுவதை அவளும் அவள் எழுதுவதை நானும் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் எதுவும் கம்பெனியை விட்டு வெளியே போகும்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தது வேலை விஷயமாக. கருவி அடிக்கடி நின்றுபோகிறது என்று பல வீடுகளிலிருந்து புகார். மனிதர் மாட்டியிருக்கும்போதே ஒன்றைச் சோதிக்கவேண்டும், என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று வின்சென்ட் சார் சொன்னார். முபீனா லேப்டாப்போடு சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் இரண்டு விளக்கு. ஒரு சத்தம் மூளைக்குள் போனால் பச்சை எரியும், டிரைவர் நிறுத்திவிட்டால் சிவப்பு எரியும். குழந்தைக்குக்கூடப் புரியும்.

"அண்ணா, ஒரு அஞ்சு நிமிசம். இந்த ஒயர மட்டும் மாட்டிக்கறேன்" என்று மாட்டிக்கொண்டே சொன்னாள். பச்சை எரிந்தது.

"மாட்டிக்க, மாட்டிக்க. மேட்ச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சுக்குடு" என்றார் பூபதி.

சமையலறையில் குக்கர் கத்தியது. சிவப்பு. சரிதான். தெருவில் லாரி ஹாரன், சிவப்பு. கீழே கீரைக்காரம்மா "முளைக்கீரை, அரைக்கீரே" என்று கூவினாள். பச்சை. "கீரை வேணுமான்னு கேளு" என்றார் பூபதி, யாரிடம் என்றில்லாமல்.

"பாருங்கக்கா, கீரைக்காரம்மாவுக்கு இருக்கற மரியாதைய" என்று முபீனா சிரித்தாள். நானும் சிரித்தேன். "ஏனுங், காப்பி போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

சிவப்பு எரிந்தது. ஒரு மூச்சு இடைவெளி விட்டு, "ம்" என்றார்.

வயர் தளர்ந்திருக்கும் என்று அழுத்தி மாட்டினேன். முபீனா பேசினாள், பச்சை. நான் பேசினேன், சிவப்பு. "பூபதி" என்று கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடாத விதமாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சிவப்பு எரிந்து, "ம்" வந்தது. அவர் கண் டிவியில் இருந்தது, முகத்தில் ஒரு குறையும் இல்லை. செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட, ஊதுகிறவனுக்கு அவன் செவிடன் என்றாவது தெரிந்திருக்கும்.

முபீனா என் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை மடக்கிக்கொண்டு, "வாங்கக்கா, கீழ போலாம்" என்றாள்.

பார்க்கிங்கில் அவளுடைய ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம். "அண்ணா கையால அழுத்தினதா, அதுவாப் புடுங்கினதான்னு லேப்டாப்புல தெரியும். பாக்கட்டுமா?" என்றாள்.

"பாரு."

நான் வேண்டிக்கொண்டது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். கையால் அழுத்தியிருக்கவேண்டும், சாமி, கையால் அழுத்தியிருக்கவேண்டும் என்று வேண்டினேன். என் குரலைக் கேட்டு, எரிச்சல்பட்டு, இந்தச் சனியனை ஒழிக்கவேண்டும் என்று விரலை எடுத்து ஒரு மனிதன் பட்டனை அழுத்தியிருந்தால், அவன் என்னைக் கேட்டிருக்கிறான் என்று அர்த்தம். சண்டை போடலாம், மன்னிக்கக்கூடச் செய்யலாம்.

"தானாத்தாங்க்கா" என்றாள் முபீனா. "மாட்டின ரெண்டாவது மாசமே."

ஒரு மாசம் முழுக்க நான் பேசியிருக்கிறேன், அவர் மூளை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கருவி பொய் சொல்லாது. எந்த அளவுக்குத் திரும்பினால் திரும்பியதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதை நிர்ணயித்தவளே நான்தான், மிகவும் இரக்கமாகத்தான் வைத்திருந்தேன். தூக்கத்தில் ஒருவர் பெயரைக் கேட்டு லேசாகப் புரண்டால்கூடப் போதும். அதுகூட இல்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் வின்சென்ட் சாரின் அறைக்குப் போனேன். வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. "சார், அந்த 'ம்'மை எடுத்துடலாம். குரல் போய்ச் சேரலைன்னா பேசறவங்களுக்குத் தெரியணும். சும்மாவாவது பதில் சொல்றது ஏமாத்து வேலை" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "உட்காருங்க, சிந்துஜா. இந்தக் கருவி எந்தெந்த வீட்டுல அடிக்கடி நின்னுபோகுதுன்னு நினைக்கறீங்க? ரோட்டோர வீட்டுலயா? இல்ல. ரோடு பதில் எதிர்பார்க்காது. பொண்டாட்டி, வயசான அப்பா, அம்மா. இவங்கதான் 'ம்' வந்தப்பறமும் விடாம அடிக்கறவங்க."

"உங்களுக்கு இது தெரியுமா?"

"முதல் வருஷத்துலயே தெரியும். நீங்க அந்த 'ம்'மைக் கண்டுபிடிச்சப்ப நான் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு நினைச்சீங்க? இரைச்சலுக்கு மருந்துன்னு நாம விக்கறோம். ஜனங்க வாங்கறது இதுக்காகத்தான். யாருக்கும் மனசு நோகாம ஒருத்தரைக் கேக்காம இருக்கறதுக்கு. அதை எடுத்துட்டா ஊர்ல பாதி வீடு உடையும்."

"உடைஞ்ச வீடுதான சார் அது?"

"உடைஞ்சது தெரியாத வரைக்கும் அது வீடுதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏன், உங்க வீட்டுல எதாவது…?" என்றார்.

"இல்லை சார்" என்றேன். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். மைசூர்பாக் கொடுத்த நாளில் இவர் கண்ணில் பார்த்ததைத் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நம்பியிருந்தேன். அந்த ஆள் கையைக் குலுக்கிய என் கையைக் கழுவவேண்டும் போல் இருந்தது.

அவர் சொல்லாவிட்டால் என்ன என்று என் மேஜைக்கு வந்து நானே திருத்தத்தை எழுதினேன். பெரிய வேலை இல்லை, ஒற்றை வரியை எடுக்கவேண்டும். பிடுங்கப்பட்ட குரலுக்கு இனிமேல் மௌனம்தான் பதில். முபீனா ஒப்புக்கொண்டால் அடுத்த வாரம் எல்லாக் கருவிகளுக்கும் போய்விடும். அவளுக்கு அனுப்பினேன். அவள் எழுந்து என் இடத்துக்கே வந்தாள்.

"முடியாதுக்கா" என்றாள்.

"ஏன்?"

"எங்க அத்தாவும் மாட்டியிருக்காரு. அம்மா நாள் பூரா அவருகிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்கும். சமையல் பண்ணிக்கிட்டே பேசும், துணி மடிச்சுக்கிட்டே பேசும். அவரு அழகா 'ம்' சொல்லுவாரு. சனிக்கிழம உங்க வீட்டுலேர்ந்து போயி, பெட்டிய எடுத்து வெளிய வெச்சேன். ஒயர மாட்டலை. மாட்ட எனக்குத் தைரியம் வரலை." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "அம்மாவுக்கு இந்த வயசுல இது தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது? உங்களுக்கு உண்மை வேணும். அம்மாவுக்கு ஹார்ட்டு தாங்காது. நான் ஒத்துக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயுமா என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டோம். அவள் ஒரு அங்குலம்கூட இறங்கிவரவில்லை, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். அழுதுகொண்டே பதில் சொன்னாள். திருத்தம் அப்படியே கிடக்கிறது.

அன்று சாயங்காலம் பூபதி பால்கனியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நேரே போய் அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து அந்த வில்லையைப் பிடுங்கினேன்.

"ஐயோ, என்ன புள்ள பண்றே! காதுக்குள்ள கொய்ங்குது!"

"நான் பேசறது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. எதுக்குக் கத்தறே?"

"இந்த நாலஞ்சு மாசத்துல நான் உங்ககிட்டப் பேசினதுல ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க பாக்கலாம்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், நிஜமாகவே கஷ்டப்பட்டு யோசித்தார். "பால்காரன மாத்தோணும்னு சொன்னியே?" என்றார். அது போன தீபாவளிக்கு முன்னால்.

"உங்க மெசின் என் குரலப் புடுங்கிப் போட்டிருக்குதுங்க. நான் பேசினது ஒண்ணுமே உங்களுக்கு வந்து சேரலை."

முகம் வெளுத்தது. உடனே கையை நீட்டினார். "நான் எதையும் அழுத்தலை புள்ள. எங்கம்மா மேல சத்தியம். நீ வேணா பாத்துக்க."

"பாத்துட்டேன். நீங்க அழுத்தலை."

"அப்பறமென்ன!" என்றார். சுமை இறங்கிய மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். "மெசின் பண்ணின தப்புக்கு எம்மேல பாயறே? நானும் பாத்தேன், இவ இப்பல்லாம் பேச்சே கொறஞ்சு போச்சேன்னு. வயசாக வயசாகப் பக்குவம் வந்துருச்சுன்னு எந்தங்கச்சிகிட்டக்கூடச் சொன்னேன். வீடே அமைதியா இருக்குதுன்னு."

"நீங்களா ஒரு கேள்வி கேட்டா, பதில் வர்றதுக்குக் கதவு தொறக்கும். அப்படித்தான் எழுதியிருக்கேன். காப்பி இருக்குதான்னு கேட்டீங்க, இருக்குதுன்னு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு. சாவி எங்கன்னு கேட்டீங்க, அதுவும் கேட்டுச்சு. எப்படி இருக்கேன்னு ஒருக்கா, ஒரே ஒருக்கா கேட்டிருந்தீங்கன்னா எல்லாம் கேட்டிருக்கும்."

"நல்லாத்தான இருந்தே? அதப்போயி எதுக்குக் கேக்கறது?" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். கட்டியைச் சொன்னேன், சோதித்ததைச் சொன்னேன், வியாழக்கிழமையைச் சொன்னேன். முதல் தடவை சொன்னபோது இருந்த பயம் இல்லை. பழைய செய்தியைத் திரும்ப வாசிப்பது போல இருந்தது. பூபதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. பாவமாகத்தான் இருந்தது, ஒரு காலத்தில் அந்தக் கண்ணீரைத் துடைக்க நான் எதுவும் செய்திருப்பேன்.

"இத்தன பெரிய விசயத்த எங்கிட்ட ஏன் புள்ள மறைச்சே?" என்றார். "நான் உனக்கு அந்நியனா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலை தங்கச்சி. எல்லாத்தையும் மறைச்சுட்டா. இத்தன வருசம் கூட வாழ்ந்து எனக்கு இதுதான் மிச்சம்" என்று தங்கையிடம் விம்மிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் பொய் சொல்லவில்லை. நான் அவரை ஏமாற்றிவிட்டதாக மனமார நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார். அந்த வீட்டில் ஏமாந்தவர் யார் என்று கேட்டால், ரேணுகா உட்பட எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள்.

வியாழக்கிழமை பூபதி வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். இரைச்சல் தாங்காமல் அடிக்கடி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டார், ஆனாலும் மாட்டவில்லை. "தண்ணி வேணுமா? குளுருதா? போர்வ கேக்கட்டுமா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், "தங்கமான மனுசன்" என்றாள். எனக்குக் குளிரத்தான் செய்தது. இல்லை என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் இப்போது கேட்கத் தயாராக இருந்தார், என்னிடம் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை.

முபீனா ஒரு பிளாஸ்க்கோடு வந்து சுவரோரம் நின்றாள். திங்கட்கிழமைச் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. "போர்வைய இழுத்து மூடுங்கக்கா, ஒடம்பு நடுங்குது" என்று அதட்டினாள்.

பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் வந்தாள். "ஆப்ரேசன் முடிஞ்சதும் டாக்டர் வெளிய வந்து ஒருத்தருகிட்டத்தாங்க பேசுவாரு. கூட்டம் கூடக்கூடாது. யாருகிட்டங்க சொல்லோணும்?"

பூபதி அதற்குள் முன்னால் வந்துவிட்டார். "நான் ஊட்டுக்காரனுங்க. எங்கிட்டச் சொல்லுங்க."

நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை. "அவிகதான் சொல்லோணுமுங்க" என்று என் பக்கம் குனிந்தாள்.

"முபீனாகிட்டச் சொல்லச் சொல்லுங்க" என்றேன். "அதா, அந்தச் சுவரோரமா நிக்கறா."

"ஏம்புள்ள, நான் இங்கதான இருக்கேன்?" என்றார் பூபதி. குரல் உடைந்திருந்தது.

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "அப்ப இவருக்குங்க?"

"அவரு கேட்டா அவ சொல்லுவா" என்றேன். நர்ஸ் தலையாட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள்.